வெள்ளைக்கரு போன இடம்

முதல் முட்டை ஓட்டைக் காட்டிக்கொடுத்தது ஒரு தெருநாய். எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. விரட்டப் போனால், வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு என்னையே பார்த்தது. பிடுங்கிப் பார்த்தேன். பாதியாக உடைத்த முட்டை ஓடு. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, குழி தோண்டி, மேலே மண்ணைப் போட்டு மிதித்திருக்கிறார்கள். சும்மா கிடந்திருந்தால், காக்கை எங்கிருந்தோ தூக்கி வந்திருக்கும் என்று விட்டிருப்பேன். புதைத்திருந்ததால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

நான் பிறந்தது வடலூரில். எங்கள் வீட்டில் எல்லாரும் சபைக்குப் போகிறவர்கள். கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. என்னைக் கண்ணையனுக்குக் கட்டிக்கொடுக்கும்போது என் அப்பா நகை, நட்டு பற்றிக்கூடப் பெரிதாகப் பேசவில்லை. "எம் பொண்ணு அடுப்புல ஒரு உசுரு வேகக் கூடாது" என்றார். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் வெளியே தின்பார், அது எனக்குத் தெரியும். பிரியாணி தின்றுவிட்டு வருகிற அன்றைக்கு ரொம்பப் பணிவாகப் பேசுவார். நேராகக் குளிக்கப் போய்விடுவார். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி துண்டை எடுத்துக் கொடுப்பேன். ஆனால் வீட்டுக்குள் முட்டை வந்ததே இல்லை. ஃப்ரிட்ஜில் முட்டை வைப்பதற்கென்று குழி குழியாக இருக்கிற தட்டில் நான் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். நான், அவர், மகன் மதிவாணன். அவர் மைன்ஸில் பெர்மனென்ட். ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது. மகன் ஐடிஐ முடித்துவிட்டு அதே மைன்ஸில் காண்ட்ராக்டில் ஓடுகிறான். அவன் நினைத்தால் கேண்டீனில் முட்டையை வாங்கித் தின்றுவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்துச் சொல்கிற ரகம். புதைக்கிற ரகம் இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் கணக்கு உதைத்தது. தின்பதென்றால் வெளியில் தின்னலாமே, வீட்டுக்குள் ஏன் கொண்டுவர வேண்டும்? நாலைந்து நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு காலையில் அதே நாய் பின்வாசல் படியோரம் கொட்டாங்கச்சியை நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே மஞ்சள்கரு, உடையாமல், முழுசாக. அந்த நாய்க்கு உடம்பு மினுமினுவென்று ஆகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

ஆக, மஞ்சள்கரு நாய்க்கு. ஓடு மண்ணுக்கு. வெள்ளைக்கரு எங்கே?

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாளிடம் போனேன். ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்ட கேள்விக்கு மேலே பத்துப் பதில் சொல்லுவார்.

"ஏங்க்கா, வெள்ளைக்கருவ மட்டும் எடுத்து என்னா செய்வாங்க?"

"என்னா செய்யமாட்டாங்கன்னு கேளு. தலையில தேய்ப்பாங்க, முடி பளபளங்கும். கேக்குக்கு அடிச்சி நுரையாக்குவாங்க. காரைக்குடி பக்கம் செவுத்துக்கே பூசியிருக்காங்க, கண்ணாடி கணக்கா மின்னுமாம். ஜிம்முக்குப் போற பசங்க மஞ்சக்கருவத் தூக்கி எறிஞ்சிட்டு வெள்ளைய மட்டும் முழுங்குவானுங்க. உப்புச்சத்துக்காரங்களுக்கும் டாக்டரு அத்தத்தான் குடுக்கச் சொல்லுவாரு. எங்க வார்டுல யாரனா மருந்தக் குடிச்சிட்டு வந்தா, அந்தக் காலத்துல ஊருலயே முட்டைய ஒடச்சி வாயில ஊத்தித்தான் தூக்கிக்கினு வருவாங்க."

"எவனோ வெசம் குடிச்ச கதைய எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"நீதான கேட்ட?" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா இப்ப எல்லாரும் மூஞ்சிக்குத்தான் பூசறாங்க, தாமர. தோலு இழுத்துப் புடிச்சிக்கும். சுருக்கம் போயிடும். பத்து வயசு கொறஞ்சிடும்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் கொஞ்ச நாளாகவே அவர் முகம் காலையில் எழுந்திருக்கும்போது உப்பலாக, கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கமெல்லாம் போய், பளபளவென்று இருந்தது. 'என்னா, மாப்பிள்ள கணக்கா இருக்கீங்க' என்று நானே ஒருநாள் கிண்டல் செய்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் போகிற ஷூவை ஓரம் கட்டிவிட்டு, புதுசாக வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கியிருந்தார். ராத்திரியில் ரெண்டு மூன்று தடவை எழுந்து, செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்வந்தார். கேட்டால், டார்ச்சுக்காம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு பொம்பளைதான் விடையாக வந்தாள். யார் அவள், எந்த பிளாக், எதுவும் எனக்குத் தெரியாது. அதனால் டவுன்ஷிப்பில் எதிரே வருகிற எல்லாப் பெண்களையும் வெறித்துப் பார்த்தேன். காய்கறிக் கடையில் ஒருத்தி பயந்துபோய் எனக்கு வழிவிட்டாள்.

அன்று மாலை அவர் ஷிப்ட் பஸ்ஸில் இருந்து இறங்கி வந்து நாற்காலியில் சாய்ந்தார். நான் குனிந்து அவர் கன்னத்தருகே மூக்கைக் கொண்டுபோனேன்.

"என்னா தாமர?" என்று வெட்கப்பட்டார்.

கரித்தூள் வாசனையும் வேர்வையும்தான். முட்டைக் கவிச்சி இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் லீவு போட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரேன். ஒடம்பு அசதியா இருக்குது" என்றார்.

"நானும் வரேன்."

"நீ எதுக்கு? லைன்ல நின்னுக்கினு கெடக்கணும். நீ வூட்டப் பாரு."

இதற்கு முன்னால் ஊசி என்றாலே என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷன் அவர். அவர் குளித்துவிட்டுச் சட்டை போடுகிற நேரத்தில் பாத்ரூமுக்குள் புகுந்து தேடினேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால், பழைய ஷேவிங் பெட்டிக்குள், ரெண்டு சாமான் இருந்தது. ஒன்று, கண்ணுக்குச் சொட்டு விடுகிற சின்னக் குப்பி. இன்னொன்று, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, ஆஸ்பத்திரியில் மூத்திரம் பிடித்துத் தரச் சொல்லிக் கொடுப்பது. குப்பியில் கண்ணாடி நிறத்தில் வழவழவென்று ஏதோ இருந்தது.

கஸ்தூரியம்மாள் சொன்ன விஷக் கதை வேறு மண்டைக்குள் ஓடியது. மூடியைத் திறந்து, மோந்து பார்க்கக் குப்பியைச் சாய்த்ததில், ஹீட்டரில் இருந்து பிடித்து வைத்திருந்த கொதிக்கிற தண்ணீரில் ரெண்டு சொட்டு விழுந்தது. விழுந்ததும் அது நூல் நூலாக வெளுத்துத் திரண்டது.

அந்த வெளுப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். மதிவாணன் வயிற்றில் இருந்தபோது என் கால் ரெண்டும் வீங்கிப்போனது. நர்ஸம்மா என் மூத்திரத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து நெருப்பில் காட்டினார். தெளிவாக இருந்தது திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது. "உப்பு போவுதும்மா, ஒடம்புச் சத்தெல்லாம் மூத்திரத்துல எறங்குது, கிட்னிய பாத்துக்கணும்" என்றார். பிரசவம் ஆகிற வரைக்கும் என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள்.

குப்பியையும் டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முகத்துக்குப் பூசவில்லை. மூத்திரத்தில் கலக்குகிறார். இல்லாத வியாதியை இருப்பதாகக் காட்டுகிறார்.

மகன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். மத்தியானம் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் குப்பியை வைத்தேன். பிசைந்த கை அப்படியே நின்றது.

"எதுக்கு?" என்றேன்.

இடது கையால் குப்பியைத் தள்ளி வைத்தார். அப்புறம் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சர்வீஸ் மிச்சம் இருக்கறப்பவே மெடிக்கல் அன்ஃபிட்டு ஆனா, புள்ளைக்கு வேலை தருவாங்களாம். ஷிப்ட் பஸ்ல ராஜேந்திரன் சொன்னான். யாரோ ஒருத்தரு அப்பிடி வாங்கியிருக்காராம்."

"யாரு அந்த ஒருத்தரு?"

"பேரு தெரியல."

"பேரே தெரியாத ஆள நம்பிக்கினு மூத்திரத்துல முட்டைய ஊத்தினீங்களா?"

"ரெண்டு டெஸ்ட்டு முடிஞ்சிபோச்சு, தாமர. ரெண்டுலயும் உப்பு நெறைய இருக்குதுன்னு எழுதிட்டாங்க. ரத்தம் குடுக்கச் சொன்னாங்க, அத மட்டும் ஒண்ணொண்ணு சொல்லித் தட்டிக்கினு வரேன். ரத்தத்துல முட்டைய ஊத்த முடியாதில்ல? இன்னிக்கு டாக்டர மட்டுந்தான் பாத்தேன், திங்கக்கெழம இன்னொரு டெஸ்ட்டு. அதும் அப்பிடியே வந்துட்டா மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிடுவாங்க."

"மாட்டினா? இருக்கற வேலையும் போயிடும். பேரும் போயிடும்."

"நெல்லிக்குப்பத்துல இருந்து வந்தாங்களே பொண்ணு வூட்டுக்காரங்க, ஞாபகம் இருக்குதா?" என்றார். "காப்பியக் குடிச்சிட்டு, 'பையன் காண்ட்ராக்டா?'ன்னு கேட்டுட்டு எழுந்து போனாங்களே. அப்ப அவன் மூஞ்சியப் பாத்தியா நீ?"

பார்த்தேன். எப்படிப் பார்க்காமல் இருப்பேன். மகனுக்குப் பெர்மனென்ட் ஆக வேண்டும் என்கிற ஆசை அவரைவிட எனக்குத்தான் அதிகம். தைப்பூசத்துக்கு ஏழு திரை விலகும்போது எல்லாரும் ஜோதியைப் பார்த்து உருகுவார்கள், நான் இந்த ஒரு வேலையைத்தான் கேட்பேன். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. கேட்ட வாய்க்குக் கிடைத்தது இந்தக் குப்பியா என்று ஆத்திரமாக இருந்தது.

"சபை மேல சத்தியம் பண்ணுங்க. இத்தோட விடறேன்னு சொல்லுங்க."

"விட்டுட்டேன். சத்தியம்" என்றார். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். அவ்வளவு சுருக்காகச் சொன்னதால் நான் நம்பவில்லை.

நம்பாதது நல்லதாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டாங்கச்சியில் மறுபடியும் மஞ்சள்கரு கிடந்தது. குப்பி இந்தத் தடவை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருந்தது. அவர் கடைக்குப் போன நேரத்தில், அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வெந்நீர் ஊற்றி நன்றாகக் கழுவினேன். வேலி ஓரத்தில் நான் வளர்க்கிற சோற்றுக் கற்றாழையில் ஒரு மடலை வெட்டிச் சீவி, உள்ளே இருந்த சோற்றை மசித்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு குப்பியில் நிரப்பினேன். அதே வழவழப்பு. அதே கண்ணாடி நிறம். யார் பார்த்தாலும் வெள்ளைக்கரு என்றுதான் சொல்லுவார்கள். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, கை கழுவி விளக்கேற்றினேன். உப்பு இல்லை என்று ரிசல்ட் வரட்டும். போர்டும் வேண்டாம், வேலையும் வேண்டாம், மனுஷன் மானத்தோடு ரிட்டயர் ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை காலை, டப்பாவை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பாத்ரூமில் அவர் குப்பியைக் கவிழ்த்துப் பிதுக்குகிற சத்தத்தை நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். போகும்போது என் முகத்தையே பார்க்கவில்லை. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. தொங்கிப்போன முகத்தோடுதான் திரும்பி வருவார் என்று, அவருக்குப் பிடித்த பலாக்கொட்டைக் குழம்பு வைத்தேன்.

வண்டிச் சத்தம் கேட்டது. கூடவே பாட்டு. முனகிக்கொண்டே உள்ளே வந்தவர், பஜாரில் வாங்கிய அல்வாப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். வாய் நிக்கல. உப்பு மூணு ப்ளஸ், தாமர! போன ரெண்டு தடவைய விட அதிகமாம். டாக்டரே பயந்துட்டாரு!"

அல்வாப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளினேன். "அந்தக் குப்பியா ஊத்துனீங்க?"

"திட்டாத. கடைசி தடவ."

"அந்தக் குப்பி மட்டும்தானா? வேற எதனா ஊத்துனீங்களா? ஆஸ்பத்திரி போனதுக்கு அப்புறம் வேற முட்டை வாங்கினீங்களா?"

"வேற எதுக்கு? வண்டிப் பொட்டியில வெச்சிருந்தேனே, அதான். முழுசா ஊத்திட்டேன்."

"பொய் சொல்லாதீங்க. இன்னொண்ணு வாங்கியிருக்கீங்க. சொல்லுங்க, வாங்குனீங்கதான?"

"உம்மேல சத்தியமா இல்ல" என்று சிரித்தார்.

நான் எழுந்து பின்பக்கம் ஓடினேன். முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து கையாலேயே மண்ணைப் பறித்தேன். புது ஓடு ஒன்றுதான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை உடைத்தது. நாய் பக்கத்தில் வந்து நின்று வாலை ஆட்டியது. கல்யாணம் ஆனதில் இருந்து இந்த மனுஷன் எங்கே என்னை ஏமாற்றுகிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இந்த ஒரு தடவை அவர் என்னை ஏமாற்றியிருக்க வேண்டும், எங்காவது இன்னொரு முட்டையை உடைத்திருக்க வேண்டும் என்று அந்த மண்ணில் உட்கார்ந்து வேண்டினேன்.

காலையில் உப்பிய முகம். மாலையில் கால் நுழையாத ஷூ. ராத்திரியில் எழுந்து எழுந்து போனது. ஒருத்தியைத் தேடி நான் கூட்டி வைத்திருந்த கணக்கு வரிசையாக வந்து நின்றது. அந்தக் கணக்கில் ஒன்றுகூடத் தப்பில்லை. விடையைத்தான் நான் தப்பாகப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் அவர் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து, பிடித்துக்கொண்டு வரச் சொன்னேன். "உனக்கு என்னா பைத்தியமா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்ப் பிடித்து வந்தார். நான் துவைக்கிற கல்மேல் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்திருந்தேன். பழைய எவர்சில்வர் கரண்டியில் கொஞ்சம் ஊற்றி நெருப்பின்மேல் பிடித்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

முதலில் ஓரத்தில் சின்னச் சின்னதாகக் குமிழ் வந்தது. அப்புறம் மங்கியது. அப்புறம் கரண்டி முழுக்க வெளுத்துத் திரண்டது.

"நீ என்னமோ கலந்துட்ட" என்றார் அவர். முதல்முறையாக என்னைச் சந்தேகப்பட்டார். "என்னப் பயமுறுத்தறதுக்கு எதையோ கலந்துட்ட, அதான?"

"நேத்து நீங்க ஊத்தினதுதான் நான் கலந்தது. அது முட்டை இல்லீங்க. கத்தாழ. நான்தான் மாத்தி வெச்சேன்" என்றேன். "இன்னிக்கு எதுவும் கலக்கல."

அவர் கரண்டியைப் பார்த்தார். வேலி ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்ற கற்றாழையைப் பார்த்தார். பிறகு துவைக்கிற கல் ஓரமாக மெதுவாக உட்கார்ந்து, கணுக்காலை ஒரு விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. நான் அழுதேன். அவர் அழவில்லை. "அப்ப நெசமாவே அன்ஃபிட்டுதானா?" என்று, யாரையோ கேட்பதுபோலக் கேட்டார்.

அன்றைக்கே நான் கூடப் போனேன். ரத்தம் எடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கிட்னி ரெண்டும் பாதிக்குமேல் போய்விட்டது என்றார் டாக்டர். இத்தனை நாள் ரத்தம் கொடுக்காமல் ஏன் தட்டிக் கழித்தீர்கள் என்று கேட்டார். அவர் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். உடம்பில் சத்து வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது, பருப்பு அதிகம் வேண்டாம், தினமும் முட்டையில் வெள்ளைக்கரு மட்டும் கொடுங்கள் என்றார். "முட்டை சாப்புடுவீங்கல்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வருகிற வழியில் கடையில் நானே கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து, எலுமிச்சம்பழங்களை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, அந்தக் குழிகளில் முட்டைகளை வைத்தேன். ஒவ்வொன்றும் சரியாக உட்கார்ந்தது. ஒன்றை மட்டும் வெளியே வைத்துக்கொண்டேன். உடைக்கத் தெரியவில்லை. அவர்தான் பக்கத்தில் நின்று, ஓட்டை ரெண்டாக்கி, மஞ்சளை இந்த மூடிக்கும் அந்த மூடிக்கும் மாற்றி மாற்றிப் பிரித்துக் காட்டினார். நன்றாகப் பழகியிருந்தார். மஞ்சளை நாய்க்கு வைத்துவிட்டு வந்தேன். வெள்ளையை என் அடுப்பில், என் வாணலியில் ஊற்றினேன். ஓரத்தில் தொடங்கி அது வெளுத்துத் திரண்டு வந்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. அவரே கரண்டியை வாங்கித் திருப்பிப் போட்டார்.

"நீயே ஆக்கிப் போடுவேன்னு நான் நெனச்சதே இல்ல" என்றார். சிரிக்கப் பார்த்தார். உப்பில்லாத அந்த ஒரு வாயை மென்று விழுங்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷிப்ட் முடிந்து வந்த மதிவாணன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்று மோப்பம் பிடித்தான். என்னுடைய மூக்கு அவனுக்கு. அடுப்பைப் பார்த்தான், அப்பா கையில் இருந்த தட்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

"எம்மா, நம்ம வூட்டுல முட்டை வாசனை வருது. ரெண்டு பேரும் எங்கிட்ட என்னாத்த மறைக்கறீங்க?"

அவர் எனக்குக் கண்ணைக் காட்டினார், சொல்லாதே என்று. முருங்கை மரத்தடியில் புதைத்ததெல்லாம் போதும் என்று எனக்குத் தோன்றியது. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காருடா. சொல்றேன்" என்றேன்.